ஃபார்மட் போடறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டுங்க

போன வாரம் திருவல்லிக்கேணியில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற வாத்தியார். “கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு ஆஃப் ஆயிடுது தம்பி. வைரஸாம். மூணு தடவை ஃபார்மட் போட்டாச்சு.” முதல் தடவையிலேயே பேத்தியின் போட்டோ எல்லாம் போய்விட்டதாம். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். சி.பி.யூ ஃபேனுக்கு அடியில் கம்பளி மாதிரி தூசி. சாம்பிராணிப் புகை படிந்து பிசுபிசுவென்று இருந்தது. பூஜை அலமாரி நேர் மேலே! சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைத் தூக்கினால், இரண்டுக்கும் நடுவில் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தது. சூடு தாங்காமல் மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. அரை மணி நேர வேலை.

இந்த மாதத்தில் இது நாலாவது கேஸ்.

வைரஸ் என்பது ஒரு புரோகிராம். மெஷினை அணைப்பதென்றாலும் அது பெரும்பாலும் விண்டோஸ் வழியாகத்தான் அணைக்கும்; திரையில் ‘ஷட்டிங் டவுன்’ என்று வரும். ப்ளக்கைப் பிடுங்கின மாதிரி ஃபேன், லைட் எல்லாம் ஒரே நொடியில் நின்றால் சூட்டையும் கரண்டையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நம்பிக்கை வரவில்லையா? ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வரும் செட்டிங்ஸ் திரைக்குள் போய், அப்படியே விட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். அங்கே விண்டோஸே ஓடாது. அங்கேயும் அணைந்தால் எதைப் போய் ஃபார்மட் போடுவீர்கள்? சி.பி.யூ சூடு எவ்வளவு என்றும் பெரும்பாலும் அங்கேயே காட்டும். சும்மா இருக்கும்போதே 80, 90 டிகிரி என்று ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது.

விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்துவிட்டு, நோயே அதுதான் என்று போன் செய்பவர்கள் இன்னொரு ரகம். முறையாக அணைக்காமல் நின்றுபோனது என்றுதான் அதற்கு அர்த்தம். அது தெரிந்துதானே என்னைக் கூப்பிட்டீர்கள்!

எப்போது அணைகிறது என்று இரண்டு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள், எனக்குப் பாதி வேலை மிச்சம். இருபது நிமிடத்தில் அணைந்து, உடனே போட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி அணைந்தால் சூடு. வீட்டு மோட்டார் போடும்போது வோல்டேஜ் இறங்கி அணைந்தால் யு.பி.எஸ். பேட்டரி, நம் ஊர் வெயிலில் அது இரண்டு மூன்று வருஷம் தாங்கினாலே பெரிது. போட்ட நாலைந்து நொடியில் அணைந்தால் பவர் பட்டன் உள்ளே சிக்கியிருக்கலாம். கேம் ஆடும்போது மட்டும் என்றால், சூடு இல்லையென்றால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டிதான். கேபினட்டோடு வந்த ‘450 வாட்’ ஸ்டிக்கரை நம்பி கிராபிக்ஸ் கார்டு போட்டால் அப்படித்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது நான் ஸ்டிக்கரை நம்பாமல் முதலில் கையில் தூக்கி எடை பார்ப்பேன்; லேசாக இருந்தால் வேண்டாம்.

சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஈரத்துணியை உள்ளே விடாதீர்கள். ப்ளக்கைக் கழற்றி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள், போதும். கேபினட்டை டேபிள் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். யாராவது ஃபார்மட் என்று ஆரம்பித்தால், முதலில் போட்டோவை வேறு டிஸ்க்கில் ஏற்றச் சொல்லுங்கள்.

வாத்தியார் நேற்று போன் செய்தார். மெஷின் நிற்காமல் ஓடுகிறதாம். போட்டோவை மீட்க முடியுமா என்று கேட்டார். ஃபார்மட் போட்டு பழைய போட்டோ இருந்த இடத்தின் மேலேயே மூன்று தடவை விண்டோஸை எழுதியாச்சு, டிஸ்க்கைக் கொண்டு வாங்க சார், பார்க்கிறேன் என்றேன்.