உறையில் அச்சிட்ட எண் சொல்லாதவை: பிளாட்வவுண்ட் பேஸ் கம்பிகள் எதனால் வேறுபடுகின்றன?

தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டாரில் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சனும் ஸ்டீவ் ஹாரிஸும் ஒரே வகைக் கம்பியில் வாசித்தவர்கள் என்று சொன்னால், இருவரின் இசையையும் கேட்டவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1960களில் வாசித்த ஜேமர்சனின் ஒலி தடித்தது, மென்மையானது, விரைவில் அடங்கிவிடுவது. அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஹாரிஸ் எழுப்பும் ஒலியோ உலோகத்தின் கணகணப்புடன் முன்னால் வந்து நிற்பது. இருவரின் கையிலும் இருந்தது ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். இருவரும் பயன்படுத்தியவை தட்டை நாடா சுற்றப்பட்ட பிளாட்வவுண்ட் கம்பிகள். ஜேமர்சனின் பெயரோடு இன்றும் சேர்த்துச் சொல்லப்படும் லா பெல்லா நிறுவனக் கம்பித் தொகுப்பின் அளவு 52 முதல் 110 வரை; ஹாரிஸின் பெயரில் ரோட்டோசவுண்ட் நிறுவனம் விற்கும் தொகுப்பின் அளவு 50 முதல் 110 வரை. உறையில் உள்ள எண்களைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த எண், கம்பியின் வெளிவிட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் சொல்வதோடு நின்றுவிடுகிறது. விரலும் செவியும் உணர்கின்ற மற்ற அனைத்தும் கம்பியின் உள்ளே இருக்கின்றன.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எதுவும் ஒற்றை உலோக இழையால் ஆனதன்று. நடுவில் இழுவிசையைத் தாங்கும் எஃகு மையக்கம்பி ஒன்று செல்கிறது. அதன்மேல், கம்பியின் எடையைக் கூட்டுவதற்காக, மெல்லிய கம்பிகள் அடுக்கடுக்காகச் சுற்றப்படுகின்றன. தாழ்ந்த சுரத்துக்கு நிறை வேண்டும் என்பதற்காக எஃகு இழையையே தடிமனாக்கினால், அது வளைய மறுக்கும் சிறு தண்டுபோல் விறைத்துவிடும். அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்கள் அதன் முழு மடங்குகளில் அமையாமல் சற்றே மேலே விலகிச் செல்லும். ரவுண்ட்வவுண்ட் என்னும் வழக்கமான வகையில் வெளிச்சுற்றும் உருண்டைக் கம்பிதான். பிளாட்வவுண்டில் கடைசி அடுக்கு மட்டும் தட்டை நாடாவாக இருக்கிறது.

இந்த ஒரு மாற்றத்தின் விளைவுகள் பல. உருண்டைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினாலும் அந்த அடுக்கின் இடத்தில் ஏறத்தாழ 78 விழுக்காடுதான் உலோகத்தால் நிரம்பும், மீதி காற்று. தட்டை நாடா அந்த இடத்தை அநேகமாக முழுவதும் நிரப்பிவிடுகிறது. ஆகவே உள்ளமைப்பு ஒத்திருக்கும்போது, அதே வெளிவிட்டத்தில் பிளாட்வவுண்ட் கம்பி கூடுதல் நிறை கொண்டது. அத்துடன், கம்பி அதிரும்போது அருகருகே நெருங்கியிருக்கும் நாடாச் சுற்றுகள் ஒன்றோடொன்று உரசி ஆற்றலை இழக்கின்றன. இந்த இழப்பு உயர்ந்த மேற்சுரங்களையே முதலில் தாக்குவதால், மீட்டிய கணத்துக்குப் பின் அடிப்படைச் சுரமே மேலோங்கி நிற்கிறது. விரல் வழுக்கும்போது எழும் கீச்சொலி மறைவதும், கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டைகள் மெதுவாகவே தேய்வதும் வழவழப்பான மேற்பரப்பின் பயன்கள்.

நிறையிலிருந்து இழுவிசைக்கு வருவோம். நிறுவனங்களுக்கு இடையிலான வேறுபாட்டை விரல் முதலில் உணர்வது இங்கேதான். கம்பியின் நீளத்தை இரட்டித்து அதிர்வெண்ணால் பெருக்கி, அதன் வர்க்கத்தை ஒரு மீட்டருக்கான நிறையால் பெருக்கினால் இழுவிசை கிடைக்கும். வழக்கமான பேஸில் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். மிகத் தடித்ததான ஈ (E) கம்பியின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். மீட்டருக்கு 35 கிராம் நிறையுள்ள கம்பியை இந்தச் சுருதிக்கு ஏற்றினால், அது சுமார் 177 நியூட்டன், அதாவது 18 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இணையான விசையுடன் நிற்கும். நிறை 30 கிராமாகக் குறைந்தால் விசை சுமார் 15.5 கிலோவுக்கு இறங்கிவிடும். நீளமும் சுருதியும் மாறாதவரை, கம்பி தளர்வாக இருக்கிறது என்றால் அது இலேசானது என்பதே பொருள். வேறு விளக்கத்துக்கு இடமில்லை.

வியன்னாவைச் சேர்ந்த தாமஸ்டிக்-இன்ஃபெல்ட் நிறுவனத்தின் ஜாஸ் பிளாட்ஸ் இதற்குச் சிறந்த சான்று. அதன் அளவுகள் 43, 56, 70, 100. டாடாரியோ நிறுவனத்தின் குரோம்ஸ் தொகுப்பு ஒன்று 45, 65, 80, 100 என்று அமைகிறது. இரண்டிலும் ஈ கம்பியின் எண் 100தான். ஆயினும் தாமஸ்டிக் விரலுக்கு வெகு இளக்கமாக இருக்கிறது. அதன் நாடா தூய நிக்கல். நிக்கலோ குரோம்ஸின் துருப்பிடிக்காத எஃகைவிட அடர்த்தி மிக்க உலோகம். அடர்த்தியான உலோகத்தைச் சுற்றியும் கம்பி இலேசாக இருப்பதால், மையக்கம்பியும் உள்ளடுக்குகளும் அமைந்த விதமே இந்த இளக்கத்துக்குக் காரணம் என்று கொள்ள வேண்டியிருக்கிறது. லா பெல்லாவின் 52–110 இதற்கு நேர் எதிர்முனை: கடும் இழுவிசை, விரலில் வலு வேண்டும். புதிதாக பிளாட்வவுண்டுக்கு மாறுகிறவர் அதில் தொடங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நாடாவின் உலோகம் இன்னொரு வழியிலும் செயல்படுகிறது. கம்பிகளுக்கு அடியில் உள்ள பிக்கப் என்னும் காந்தச் சுருள் கேட்பது காற்றின் அதிர்வை அன்று. காந்தப்புலத்தில் எஃகு அசைவதால் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தையே அது அனுப்புகிறது. எனவே உலோகத்தின் காந்தத் தன்மைக்கு ஏற்ப ஒலியின் வலிமையும் மாறும். எர்னி பால் நிறுவனம் தன் பிளாட்வவுண்டில் கோபால்ட் கலந்ததற்கு முன்வைக்கும் காரணம் இதுவே. ரோட்டோசவுண்டின் ஜாஸ் பேஸ் 77 தொகுப்பில் உள்ள மோனல், நிக்கலும் செம்பும் சேர்ந்த கலவை. காந்தத்துக்கு அது மிகக் குறைவாகவே இணங்கும். இருந்தும் அந்தக் கம்பிகள் பிளாட்வவுண்டுகளில் பளிச்சென்ற ஒலிக்குப் பெயர்பெற்றவை. உலோகத்தின் பெயரை மட்டும் வைத்து ஒலியைக் கணிப்பது எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கம்பியின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரவுண்ட்வவுண்டின் இடைவெளிகளில் வியர்வையும் தோல் துகளும் விரைவில் படிந்து ஒலியை மழுக்குகின்றன. பிளாட்வவுண்டில் அவை நுழைய வழி குறைவு என்பதால் மாற்றம் மிக மெதுவாக நடக்கிறது. ஜேமர்சன் கம்பி அறுந்தால் அன்றி மாற்றாதவர் என்பது பெயர்பெற்ற செய்தி. கம்பிகள் உடலில் தாங்கி நிற்கும் பாலத்தருகே (bridge) நுரைப்பஞ்சு வைத்து, ஒற்றைச் சுட்டுவிரலால் மீட்டியவர். ஹாரிஸ் புதுக்கம்பிகளை அடிக்கடி போட்டு, அவை ஃப்ரெட்டில் மோதும்படி ஓங்கி வாசிப்பவர். ஆகவே அவ்விருவரின் ஒலி வேறுபாட்டில் எவ்வளவு பங்கு நிறுவனத்துக்கு உரியது என்று பிரித்துச் சொல்வது கடினம். இரு தொகுப்புகளை நேர்மையாக ஒப்பிட விரும்புகிறவர், ஒரே கிட்டாரில், ஒரே வயதுடைய கம்பிகளை, ஒரே கையால் வாசித்துக் கேட்க வேண்டும்.

அப்படி மாற்றும்போது கழுத்தையும் கவனிக்க வேண்டும். நான்கு கம்பிகளிலும் தலா இரண்டரைக் கிலோ விசை கூடினால் கழுத்தின்மேல் பத்துக் கிலோ ஏறுகிறது. கழுத்து முன்னோக்கி வளைந்து கம்பிகள் உயர்ந்துவிடும். கழுத்தின் வளைவைத் திருத்தும் உட்தண்டான டிரஸ் ராடைச் சரிசெய்த பிறகே அந்தக் கம்பி வாசிக்கக் கடினமா, எளிதா என்று தீர்மானிக்க வேண்டும். பிரமிட் கோல்டு போன்ற வட்ட மையக்கம்பி கொண்ட தொகுப்புகளில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: அறுகோண மையத்தின் விளிம்புகள் சுற்றைக் கவ்விப் பிடிப்பதுபோல் வட்ட மையம் பிடிக்காது. முனையை வெட்ட நேர்ந்தால், முதலில் கம்பியைக் கூர்மையாக மடித்து, மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். இல்லையேல் சுற்று தளர்ந்து கம்பி ஒலியிழந்துவிடும்.