எக்ஸைல்: நாடு கடத்தலா, பரதேசமா, புகலிடமா?

லியோன் ஃபாய்ஷ்ட்வாங்கர் என்ற ஜெர்மன் நாவலாசிரியரைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்தது. முதல் வரியே இப்படி: 'ஹிட்லரால் நாடு கடத்தப்பட்ட யூத எழுத்தாளர்.' மூலத்தில் 'எக்ஸைல்' (exile) என்ற ஆங்கிலச் சொல் இருந்திருக்கும், அகராதியைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன். அவரை யாரும் நாடு கடத்தவில்லை. ஹிட்லர் பதவியேற்ற அன்று அவர் ஜெர்மனியிலேயே இல்லை.

1932 கடைசியில் அவர் சொற்பொழிவுப் பயணமாக அமெரிக்கா போயிருந்தார். 1933 ஜனவரி 30 இரவு வாஷிங்டனில் ஜெர்மன் தூதர் அவருக்கு விருந்து கொடுத்தார். ஹிட்லர் பிரதமரானது அதே நாள். மறுநாள் அந்தத் தூதரே தொலைபேசியில் கூப்பிட்டு, ஊருக்குத் திரும்பாதீர்கள் என்று சொன்னார். அவ்வளவுதான். விலங்கு கிடையாது, காவலர் துணையோடு எல்லைக்கு அனுப்பியதும் கிடையாது. வெளியே போன மனிதர் திரும்பி வருவதற்குள் கதவைத் தாழிட்டுவிட்டார்கள்.

தாழிட்ட வீட்டுக்குள் நடந்தது வேறு கதை. பெர்லின் குரூனவால்டில் இருந்த அவருடைய வீட்டில் நாஜிப் படையினர் புகுந்து சூறையாடினார்கள், நூலகத்தையும் விடவில்லை. மே 10 அன்று எரித்த புத்தகங்களில் அவருடையதும் உண்டு. ஆகஸ்ட் 25இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் முதல் பட்டியல் வந்தது. மொத்தம் 33 பெயர், அதில் இவர் ஒருவர். இதற்கு ஜெர்மனில் 'அவுஸ்பூர்கெருங்' என்று தனிச்சொல் இருக்கிறது. குடிமகன் என்ற நிலையிலிருந்து ஆளை வெளியே எடுப்பது. தமிழில் 'குடிநீக்கம்' என்றால் கச்சிதமாகப் பொருந்தும்.

ஆக, 'எக்ஸைல்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதி இருக்கிறது: துரத்துவது, திரும்ப முடியாமல் போவது, அப்படி வெளியே கிடந்து வாழ்வது. நம்முடைய 'நாடு கடத்தல்' முதல் சங்கதிக்கு மட்டும்தான் ஆகும். போதாததற்கு நாளிதழ்களில், வெளிநாட்டில் பிடிபட்ட மோசடிக்காரரை இங்கே கொண்டுவருவதும் நாடு கடத்தல்தான்!

சொல்லின் வேரைப் பார்ப்போம். லத்தீனில் 'எக்ஸுல்' என்றால் நாட்டுக்கு வெளியே வாழ்பவர், 'எக்ஸிலியும்' அந்த நிலை. 'எக்ஸ்' என்றால் வெளியே. மீதிக்குத்தான் சண்டை. 7ஆம் நூற்றாண்டில் செவில்லின் இசிதோர் என்ற பாதிரியார் அதை 'சோலும்', அதாவது மண், என்ற சொல்லோடு முடிச்சுப் போட்டு 'மண்ணுக்கு வெளியே' என்று விளக்கினார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைய சொல்லாய்வாளர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. ரோமானியச் சட்டமோ இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். கவிஞர் ஓவிட் கி.பி. 8இல் கருங்கடல் ஓரத்து டோமிஸுக்கு அனுப்பப்பட்டார் அல்லவா? அங்கிருந்து எழுதிய கவிதையிலேயே, என் பேர் 'எக்ஸுல்' இல்லை, 'ரெலெகாட்டுஸ்' என்று மல்லுக்கு நிற்கிறார். ரெலெகாட்டுஸுக்குக் குடியுரிமையும் சொத்தும் மிஞ்சும், எக்ஸுலுக்கு மிஞ்சாது. அந்தக் கணக்கில் ஃபாய்ஷ்ட்வாங்கர் முழு எக்ஸுல்.

யூதர்களுக்கு இதற்கென்று சொந்தச் சொல் உண்டு, எபிரேயத்தில் 'கலூத்'. கி.மு. 586இல் எருசலேம் விழுந்து, மக்களை பாபிலோனுக்குக் கொண்டுபோன காலம் தொட்டு வருகிற சொல். ஆனால் ஃபாய்ஷ்ட்வாங்கர் எழுதியது ஜெர்மனில். ஜெர்மன் மொழி இந்த நிலைக்கு வைத்திருந்த பழைய பெயர்தான் எனக்கு ஆச்சரியம் தந்தது.

'எலெண்ட்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு இன்று துன்பம், அவலம், கேடுகெட்ட நிலை என்று பொருள். பழைய ஜெர்மனில் அது 'எலிலெந்தி'. முன்பாதி 'வேறு', பின்பாதி 'நாடு'. வேற்று நாட்டில் இருப்பது என்பதுதான் முதல் பொருள். ஊரை விட்டால் உறவில்லை, கேட்க நாதியில்லை என்பதால் 'வேற்று நாடு' என்ற சொல்லே நாளடைவில் 'அவலம்' ஆகிவிட்டது.

இப்போது நம்ம ஊர்ச் சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: பரதேசி. 'பர' என்றால் வேறு, 'தேசம்' என்றால் நாடு. எலிலெந்தியை அச்சு அசலாகப் பிரதி எடுத்தது போல இல்லை? வேற்று நாட்டான் என்று தொடங்கி, ஊர் ஊராகத் திரியும் துறவி என்று ஆகி, பண்டாரம் பரதேசி என்று ஜோடி சேர்ந்து, பிச்சைக்காரன் என்று இறங்கி, கடைசியில் 'போடா பரதேசி' என்ற வசவில் வந்து நின்றுவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் கிளம்பி ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கின்றன.

இதில் இன்னொரு வேடிக்கை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூத வழிபாட்டுக்கூடத்தின் பெயர் பரதேசி சினகாக். கேரளத்தில் முன்பே வேரூன்றிய மலபார் யூதர்களிடமிருந்து பிரித்துச் சொல்ல, ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் விரட்டப்பட்டு வந்தவர்களுக்குப் 'பரதேசி யூதர்' என்று பெயர். மலையாளத்தில் அது மரியாதைக் குறைவான சொல் இல்லை, வெளிநாட்டார் என்ற பழைய பொருள் அங்கே அப்படியே நின்றுவிட்டது. ஆக எக்ஸைலான யூதருக்குப் 'பரதேசி' என்ற பெயர் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. வேர்ப்படி பார்த்தால் இதைவிடச் சரியான சொல் கிடைக்காது. ஆனால் தமிழில் அச்சிட்டால் ஆசிரியருக்கு வசைக் கடிதம் வரும்.

ஃபாய்ஷ்ட்வாங்கரும் மனைவி மார்த்தாவும் குடியேறியது தென் பிரான்ஸின் சனாரி என்ற மீனவ ஊரில். கடற்கரை, நல்ல வீடு, அக்கம்பக்கமெல்லாம் தப்பி வந்த ஜெர்மன் எழுத்தாளர்கள். அங்கிருந்து 1935இல் அவர் ஒரு கடிதம் எழுதினார். பெர்லினில் தன் வீட்டில் இப்போது குடியிருக்கும், பெயர்கூடத் தெரியாத மனிதருக்கு. வீடு பிடித்திருக்கிறதா? கொள்ளையின்போது மாடியில் இருந்த வெள்ளிச் சாம்பல் நிறக் கம்பளம் ரொம்பப் பாழாகிவிட்டதா? என் நூலகம் இருந்த இரண்டு அறைகளை என்ன செய்கிறீர்கள்? நீங்கள் இருக்கும் நாட்டில் புத்தகங்களுக்கு மதிப்பில்லையாமே? இப்படிப் போகிறது, பக்கத்து வீட்டுக்காரரிடம் குசலம் விசாரிக்கிற குரலில்.

அந்தக் காலத்தில் இவர்களைப் பத்திரிகைகள் 'எமிக்ராண்ட்' என்று எழுதின. குடிபெயர்ந்தவர். அவர்களில் ஒருவரான ஜெர்மன் கவிஞர் பிரெக்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. 1937இல் அதைப் பற்றியே ஒரு கவிதை எழுதினார்: எங்களுக்கு வைத்த பெயர் தப்பு, நாங்களாகத் தேர்ந்தெடுத்துக் கிளம்பியவர்கள் இல்லை, நாங்கள் துரத்தப்பட்டவர்கள் என்று. நம் 'புலம்பெயர்ந்தோர்' என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. பட்டினப்பாலையில் 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' பட்டினம் என்று வருகிறது. அவர்கள் பிழைப்புக்காக விரும்பி வந்தவர்கள், இனிதாகவும் உறைகிறார்கள். 1983க்குப் பிறகு ஈழத்தமிழர் வாழ்க்கையால்தான் அந்தச் சொல்லில் துரத்தல் ஏறியது. இன்றும் அது இரண்டு பேரையும் ஒரே பையில் போடுகிறது, துபாய்க்கு வேலைக்குப் போனவரையும் சேர்த்து.

'அகதி'க்கு வருவோம். 'கதி' இல்லாதவர், போக்கிடம் அற்றவர் என்று பொருள். நாஜிகளிடமிருந்து தப்பிய யூதச் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் 1943இல் எழுதிய கட்டுரை ஒன்றின் முதல் வாக்கியமே, எங்களை அகதிகள் என்று கூப்பிடுவது எங்களுக்குப் பிடிக்காது என்பதுதான். தமிழ்நாட்டிலும் 2021இல் 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். உள்ளே இருப்பவர்களைக் குத்துகிற சொல் என்பது அரசுக்கே தெரிந்திருக்கிறது.

அகதிக்கு மாற்றாகத் தனித்தமிழில் 'ஏதிலி' வந்தது. பலர் இதை 'ஏதும் இல்லாதவர்' என்று பிரித்துக் காட்டுகிறார்கள். அப்படியில்லை. 'ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்' என்று குறள் சொல்வது ஒன்றும் இல்லாதவரை அல்ல, அயலாரை. ஏதிலி என்றால் அயல் ஆள். ஆனால் பாருங்கள், அயலாரைக் குறித்த அந்தச் சொல் நம் காதில் 'ஒன்றுமில்லாதவர்' என்றுதான் விழத் தொடங்கியிருக்கிறது. எலெண்ட் போன அதே வழி.

சனாரியின் சுகம் 1939இல் முடிந்தது. போர் மூண்டதும் பிரான்ஸ் தன் மண்ணில் இருந்த ஜெர்மானியர்களைப் பிடித்து முகாமில் போட்டது. ஹிட்லர் குடியுரிமையைப் பறித்தவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. 'எதிரி நாட்டார்' என்று ஒரே முத்திரை. எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகருக்குப் பக்கத்தில் லெ மில் என்ற இடத்தில் மூடிக் கிடந்த செங்கல் சூளை ஒன்றுதான் முகாம். ஃபாய்ஷ்ட்வாங்கரையும் பிடித்து, பிறகு விடுதலை செய்து, 1940 மே மாதம் மறுபடி பிடித்தார்கள். எங்கும் செங்கல் தூசி. படுக்கையில், கண்ணில், சோற்றில். செங்கற்களை இங்கிருந்து அங்கே அடுக்குவது, அப்புறம் அங்கிருந்து இங்கே அடுக்குவது, இதுதான் வேலை. எகிப்தில் பார்வோனுக்குச் செங்கல் சுமந்த தன் முன்னோர் ஞாபகத்துக்கு வந்ததாகப் பிறகு எழுதினார். பிரான்ஸில் தன்னை வதைத்த சாத்தான் கொடூரக்காரன் இல்லை, 'எனக்கென்ன வந்தது' என்று தோளைக் குலுக்குகிறவன் என்பதும் அவர் கணிப்பு.

ஜூன் 22 அன்று முகாமிலிருந்து சுமார் 2,000 பேரை ஒரு ரயிலில் ஏற்றி மேற்கே அனுப்பினார்கள். பயோன் பக்கம் போனதும் தகவல் வந்தது: 2,000 ஜெர்மானியர் வருகிறார்களாம்! அலறி அடித்துக்கொண்டு ரயிலைத் திருப்பினார்கள். அந்த 2,000 ஜெர்மானியர் வேறு யாருமில்லை, ரயிலில் இருந்த இவர்களேதான். ஒரு சொல்லை யாருக்கு வைப்பது என்று பார்க்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து நீம் அருகே கூடார முகாம். மார்த்தாவும் மார்செய் நகர அமெரிக்கத் துணைத்தூதரகத்தைச் சேர்ந்த மைல்ஸ் ஸ்டாண்டிஷும் சேர்ந்து ஏற்பாடு செய்து, ஒரு காரில், பெண் உடுப்பும் தலைத்துணியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு அவரைக் கடத்தினார்கள். வழியில் மறித்துக் கேட்டவர்களிடம் 'இவர் என் மாமியார்' என்றார் ஸ்டாண்டிஷ். (கடத்தல் என்ற சொல் இவர் கதையில் சரியாகப் பொருந்துவது இந்த ஒரு இடத்தில்தான்.) செப்டம்பரில் பிரனீஸ் மலையை நடந்தே கடந்து ஸ்பெயின், அங்கிருந்து லிஸ்பன், அக்டோபரில் நியூயார்க். அமெரிக்க விசாவில் அவர் பெயர் 'வெட்சீக்'. அவர் முன்பு விளையாட்டாக வைத்துக்கொண்ட புனைபெயர் அது. ஃபாய்ஷ்ட் என்றால் ஈரம், வாங்கெ என்றால் கன்னம், 'ஈரக்கன்னம்' என்று தன் பெயரையே ஆங்கிலமாக்கியிருந்தார். அந்த மொழிபெயர்ப்பு உயிரைக் காத்தது. இந்த சில மாதங்களுக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: அஞ்ஞாதவாசம். பாண்டவர்களுக்குக் காட்டு வாழ்க்கை முடிந்த பிறகு, அடையாளம் மறைத்து வாழ்ந்த கடைசி ஒரு வருடம்.

பிரான்ஸில் இருந்த காலத்தைக் கருவாக வைத்து அவர் எழுதி, 1940இல் வெளிவந்த நாவலின் பெயரே 'எக்ஸில்', அதாவது எக்ஸைல். பாரிஸில் சிக்கிக்கொண்ட ஒரு ம்யூனிக் இசையமைப்பாளர்தான் நாயகன். அது மூன்று நாவல் தொகுதியின் கடைசிப் பகுதி, தொகுதிக்குப் பெயர் 'காத்திருப்பு அறை'. எக்ஸைலுக்கு அவர் கொடுத்த பொருள்விளக்கமாகவே அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ரயில் வரும் என்று மூட்டையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருப்பது.

1943இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பசிபிக் பாலிசேட்ஸில் பெரிய வீடு வாங்கி, மூன்றாம் முறையாக நூலகத்தைச் சேர்த்தார். அதே ஆண்டு ஓர் உரையில் அவர் வருத்தப்பட்டது வீட்டுக்காகவோ பணத்துக்காகவோ இல்லை. ஊரில் தாய்மொழி நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிறது, அந்த மாற்றம் எங்கள் காதில் விழுவதில்லை, எங்களைச் சுற்றி வேறு மொழி ஓடுகிறது என்றார். இதைப் படித்ததும் எனக்குக் குறுந்தொகையின் 'மொழிபெயர் தேஎம்' நினைவுக்கு வந்தது. மொழி மாறிப்போகிற நாடு. தலைவன் வடுகர் எல்லைக்கு அப்பால் போனதைச் சொல்லும்போது மாமூலனார் தூரத்தைச் சொல்லவில்லை, மொழியைச் சொல்கிறார். ஒரு எழுத்தாளரின் எக்ஸைலுக்கு இதைவிட நெருங்கிய சொல் இல்லை, ஆனால் 'மொழிபெயர்' என்றாலே இன்று எல்லோருக்கும் டிரான்ஸ்லேஷன்தான். அந்தச் சொல்லை நாம் இழந்து ரொம்ப நாளாயிற்று.

சரி, என்னதான் எழுதுவது? ஆணை போட்டு வெளியேற்றினால் 'நாடு கடத்தல்', அதுவும் உண்மையில் வெளியேற்றினால் மட்டும். குடியுரிமையைப் பிடுங்கினால் 'குடிநீக்கம்'. அந்நிய மண்ணில் வாழும் நிலைக்கு 'புகலிட வாழ்வு'. ஐரோப்பாவில் இருந்து எழுதிய ஈழத்தமிழர்கள் 'புகலிட இலக்கியம்' என்று ஏற்கெனவே புழக்கத்தில் விட்ட சொல் அது, நாம் புதிதாகக் காய்ச்ச வேண்டியதில்லை. ஆளைக் குறிக்க எனக்கு 'ஏதிலி'தான் பிடிக்கிறது, பொருளைத் தப்பாகப் பிரித்தாலும் பரவாயில்லை.

ஃபாய்ஷ்ட்வாங்கர் 1958இல் இறந்தார். ஜெர்மனிக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அமெரிக்காவும் கடைசிவரை குடியுரிமை கொடுக்கவில்லை, வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்களோ என்ற பயம் அங்கேயும் அவருக்கு இருந்தது.

குறிப்பில் 'ஹிட்லரால் நாடு கடத்தப்பட்ட' என்பதை அடித்துவிட்டு, 'ஹிட்லர் ஆட்சியால் நாடு திரும்ப முடியாமல் போன' என்று எழுதினேன். இரண்டு வரி மூன்று வரியாகிவிட்டது, பக்கத்தில் இடமில்லை என்று வடிவமைப்பாளர் முணுமுணுத்தார். புகைப்படத்தை ஒரு விரற்கடை சின்னதாக்கச் சொன்னேன்.