மணி சொல்லிப் பிழைக்கும் செயற்கைக்கோள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மச்சானோடு பைக்கில் போனபோது ஏதோ ஒரு வளைவில் செல்போன் வரைபடத்தின் நீலப் புள்ளி சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் போய் நின்றது. "மாப்ள, மேல இருந்து பாக்கறவனுக்கே நம்ம எங்க இருக்கோம்னு தெரியலையா?" என்றார்.

மேலே இருப்பவன் நம்மைப் பார்ப்பதே இல்லை. "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதுதான் வழிகாட்டிச் செயற்கைக்கோளின் பிழைப்பு. அந்தச் செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது நம் செல்போன். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள் வேண்டும். போனின் மலிவான கடிகாரத்தைத் திருத்த நான்காவது ஒன்று.

மணி பிசகினால் என்ன ஆகும்? ரேடியோ அலை ஒரு நொடியில் 3 லட்சம் கி.மீ. போகும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினால் 300 கி.மீ. தப்பும். சேலத்துக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில்கூட அவ்வளவு தூரம் இல்லை! அதனால்தான் உள்ளே ருபீடியம் அணுக் கடிகாரம். அதுவும் சும்மா விட்டால் சரிப்படாது. ஈர்ப்பு குறைந்தால் கடிகாரம் வேகமாக ஓடும்; உயரத்தில் ஈர்ப்பு குறைவு. செயற்கைக்கோளின் வேகம் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாலும், மொத்தத்தில் ஜி.பி.எஸ். கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோநொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோநொடி) முந்திவிடும். ஐன்ஸ்டைன் கணக்குப்படி அதை முன்கூட்டியே கொஞ்சம் மெதுவாக ஓடும்படி வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

கடிகாரம் நின்றால் உத்தியோகம் போச்சு. 2013-இல் இஸ்ரோ அனுப்பிய நம் நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ அப்படித்தான் ஆனது. பத்து வருடம் உழைக்க வேண்டியது. ஐரோப்பாவில் வாங்கிய மூன்று கடிகாரங்களும் சில வருடங்களிலேயே படுத்துவிட்டன. மற்றபடி ஆள் திடகாத்திரம், மணி மட்டும் சொல்லத் தெரியாது. எனக்கு அதன்மேல் ஒரு பரிதாபம் உண்டு. அதற்குப் பதிலாக 2017-இல் போனதோ, ராக்கெட்டின் தலையில் மூடியிருந்த வெப்பக் கவசம் கழன்று விழாததால் உள்ளேயே மாட்டிக்கொண்டது. 2018-இல் அனுப்பியதுதான் இடத்தை நிரப்பியது. அப்புறம் 2023-இல் என்.வி.எஸ்.-01 என்ற அடுத்த வழிகாட்டிச் செயற்கைக்கோள், நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரத்தோடு ஏறியது.

சரி, பள்ளத்தில் விழுந்த புள்ளி? அங்கே கடிகாரத்தின்மேல் குற்றமில்லை. வளைவில் பாதி வானத்தை மலை மறைத்துக்கொள்கிறது. வரும் சிக்னலும் சில நேரம் பாறையில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் சற்றுத் தாமதமாக வருகிறது. போன் அந்தத் தாமதத்தையும் தூரம் என்றே எண்ணிக்கொள்கிறது. ஏரிக்கரைக்கு வந்து வானம் திறந்ததும் புள்ளி சாலைக்கு வந்துவிட்டது.