மைண்ட்ஃபுல்னஸ்: மனநிறைவும் இல்லை, நினைவாற்றலும் இல்லை

செய்துகொண்டிருப்பதை மறக்காமல், மனம் எங்கே போகிறது என்று தெரிந்தே செய்வதற்கு ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னஸ் என்று பெயர். அதற்கு 'மனநிறைவு' என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதோடு நிறுத்திக்கொள்ளட்டும். கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களை அவ்வப்போது ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார வைப்பார்கள், இப்போதைய மோஸ்தர் இதுதான். "மனநிறைவுப் பயிற்சி மூலம் உற்பத்தித்திறனை உயர்த்துவோம்" என்று திரையில் கொட்டை எழுத்தில் வருகிறது. எல்லையில் இருக்கிற வாளையார் தாண்டி கோயம்புத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களும், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்த் தமிழர்களும் (ஆந்திராச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) நிறைய இருப்பதால் மலையாளத்தோடு தமிழிலும் போடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பாக்கிங்கில் இருக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "ஏனுங்க சார், மனசு நெறஞ்சிருந்தா நாம எதுக்குங்க ஓவர்டைமுக்கு நிக்கறோம்?" என்று கேட்டார். பயிற்சியாளருக்குக் கேள்வியே புரியவில்லை. கேட்டவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தமிழில் மனநிறைவு என்றால் திருப்தி, போதும் என்ற மனசு. பிள்ளைக்குக் கல்யாணம் முடித்தவருக்கு வருவது. அதை எட்டு மணி ஷிப்டுக்குள் பயிற்சி செய்து வரவழைக்க முடியாது.

ஆங்கிலத்தில் 'ஃபுல்' என்று முடிந்தால் உடனே 'நிறைவு' என்று போட்டுவிடுவதா? அப்படியானால் கேர்ஃபுல் என்பதைக் கவலைநிறைவு என்றும் யூஸ்ஃபுல் என்பதைப் பயன்நிறைவு என்றும் எழுத வேண்டியதுதானே. அந்த 'மைண்ட்' கூட நாம் நினைக்கிற மனம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நினைவு என்றே பொருள் இருந்தது, 'ரிமைண்ட்' என்பதில் இன்னும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மைண்ட் யுவர் ஸ்டெப்' என்றால் மனத்தை எடுத்துக் காலில் வை என்றா பொருள்? பார்த்து நட, அவ்வளவுதான்.

சொல்லின் வரலாறு சுருக்கமாக: பாலி மொழியில் 'சதி', வடமொழியில் 'ஸ்மிருதி', இரண்டுக்கும் நினைவு என்பதே வேர்ப்பொருள். துன்பம் தீரப் புத்தர் சொன்ன எட்டு அங்க வழியில், அதாவது எண்வழியில், ஏழாவது இது. இலங்கையில் வெள்ளைக்கார அரசின் அதிகாரியாக இருந்து பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ் 1881-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இதற்கு மைண்ட்ஃபுல்னஸ் என்று போட்டார், அது நிலைத்துவிட்டது. 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் என்பவர், நாள்பட்ட வலியால் அவதிப்படுகிறவர்களுக்காக மதச் சாயல் இல்லாமல் சில வாரப் பயிற்சியாக இதை வடிவமைத்தார். அங்கிருந்து ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ராணுவம் என்று போய், 2007-இல் கூகுள் தன் ஊழியர்களுக்கு வகுப்பு தொடங்கியதும் கம்பெனிகள் எல்லாம் பிடித்துக்கொண்டன. இப்போது கஞ்சிக்கோட்டுக்கும் வந்துவிட்டது.

மனநிறைவையாவது ஒரு கேள்வியில் வீழ்த்திவிடலாம். எனக்கு நிஜமாகவே எரிச்சல் மூட்டுவது 'நினைவாற்றல்'. இதைப் பெற்றது மனிதரே இல்லை, மொழிபெயர்ப்பு இயந்திரம். இணையத்தில் 'நினைவாற்றல் தியானம்', 'நினைவாற்றலுடன் சாப்பிடுவது எப்படி' என்று பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. நினைவாற்றலுடன் சாப்பிடுவதா? நேற்று என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவதா? தமிழில் நினைவாற்றல் என்றால் ஞாபகசக்தி. பரீட்சைக்கு முன் வல்லாரைக் கீரை வாங்கிக் கொடுப்பார்களே, அது. இதற்கும் ஒரு வக்காலத்து உண்டு, ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார்: சதி என்றாலே நினைவுதானே, இயந்திரம் தெரியாமலே சரியான வேரைத் தொட்டுவிட்டதே என்று. வேர் சரி. ஆனால் சொல்லைப் படிக்கிறவர் வேரைத் தோண்டிப் பார்த்துப் படிப்பதில்லை. சதி என்பதில் உள்ள நினைவு, பழசை நினைவில் வைத்திருக்கிற திறமை இல்லை. செய்துகொண்டிருப்பதை மறக்காமல் இருப்பது. மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தவன் 'நான் மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தேன்' என்பதை இரண்டே நிமிடத்தில் மறந்துவிட்டு வீட்டுக் கடன் கணக்கில் இறங்கிவிடுகிறான் பாருங்கள், அந்த மறதிக்கு எதிர்ப்பதம்.

அப்புறம் இன்னொரு சிக்கல், பேச்சுத் தமிழில் 'நினைப்பு' என்பதே நோயின் பெயர். "உன் நெனப்பெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டால் திட்டு வாங்குகிறோம் என்று அர்த்தம். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று பழமொழியே இருக்கிறது. வேலை நேரத்தில் மனம் அலைந்தால் வேலை கெடும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பயிற்சிக் கையேடு கிடைக்காது. அந்த மொழியில் போய் நினைவு, நினைப்பு என்று மருந்துக்கும் அதே பெயரைச் சூட்டினால் குழப்பம் தவிர வேறென்ன வரும்? 'நினைவோடு இருத்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள், அதைக் கேட்டால் விபத்தில் அடிபட்டவர் மயங்காமல் இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து 'கவனக்குவிப்பு', 'மன ஒருமைப்பாடு' வகையறா. படித்தவர்கள் விரும்புவது இதை. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர். எண்வழியில் ஏழாவது சதி, எட்டாவது சமாதி. மனம் ஒன்றில் குவிவது எட்டாவது. குவிந்ததா சிதறியதா என்று தெரிந்துகொண்டே இருப்பது ஏழாவது. அந்தக் காலத்திலேயே இரண்டையும் பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நாம் மறுபடி ஒன்றாகக் கட்டுகிறோம். இதனால் நடைமுறையில் கெடுதலும் உண்டு: கவனக்குவிப்பு வகுப்பு என்று நினைத்து வருகிறவர் மனம் அலைந்ததும் "எனக்கு வரலீங்க" என்று எழுந்து போய்விடுகிறார். மனம் அலைந்ததை அவர் கண்டுபிடித்தாரே, பயிற்சி நடந்ததே அந்த இடத்தில்தான்.

'விழிப்புணர்வு' பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை, பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது. டெங்கு, தலைக்கவசம், பிளாஸ்டிக் ஒழிப்பு என்று பேரணி பேரணியாக நடத்தி அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டார்கள், அதுதான் பிரச்சினை. விழிப்புணர்வு முகாம் என்றால் துண்டறிக்கை கொடுப்பார்கள் என்று மக்கள் நினைக்கிறார்கள்.

ஈழத்துக்காரர்கள் 'அவதானம்' என்பார்கள். அவர்கள் வாயில் அது கச்சிதமான சொல். இங்கே அவதானம் என்றதும் நினைவுக்கு வருவது அட்டாவதானமும் சதாவதானமும்தான். நம் எல்லைக்காரர், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னைக்குப் போய்ச் சதாவதானம் செய்துகாட்டினார். தெலுங்கில் இன்றும் அவதான மேடைகள் நடக்கின்றன. ஒரே நேரத்தில் எட்டையும் நூறையும் பிடிக்கிற வித்தையின் பெயரை, செய்கிற ஒன்றை மறக்காதே என்கிற பயிற்சிக்கு வைத்தால் நன்றாகவா இருக்கும்?

மலையாளிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. 'ஸ்ரத்த' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வடமொழியில் நம்பிக்கை, தமிழில் சிரத்தை என்றால் அக்கறை, மலையாளத்தில் கவனம். ஒரே சொல் வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு சட்டை போட்டுக்கொள்கிறது. ரோட்டோரப் பலகையில் 'ஸ்ரத்திக்குக' என்று பார்த்துவிட்டு, எதற்கு இங்கே சிரத்தை காட்ட வேண்டும் என்று யோசித்த கோயம்புத்தூர்க்காரர்கள் உண்டு. சிரத்தையையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், சிரத்தையாக வேலை செய்கிறவர் மனத்துக்குள் கொதித்துக்கொண்டும் செய்யலாம், அந்தக் கொதிப்பு அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அதனால் போதாது.

சரி, தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா? இருந்தது. எண்வழியைத் தமிழாக்கும்போது ஏழாவதற்கு 'நற்கடைப்பிடி' என்று எழுதும் வழக்கம் உண்டு. கடைப்பிடி என்றால் விதியைப் பின்பற்றுவது என்றுதானே இப்போது தெரியும்? சாலை விதிகளைக் கடைப்பிடியுங்கள், மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது. பழைய பொருள் வேறு. ஆணுக்குரிய குணங்கள் நான்கு என்று உரைகாரர்கள் சொல்வது அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி. (பெண்ணுக்கு அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பட்டியல் போட்டதும் இதே ஆட்கள்தான், அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.) அதில் கடைப்பிடிக்கு, இறையனார் களவியல் என்ற பழைய அகப்பொருள் இலக்கண நூலின் உரை சொல்கிற பொருள், கொண்ட பொருளை மறவாமை. மறவாமை! சதி என்பதன் வேர் அப்படியே வந்து உட்கார்கிறது. பக்கத்தில் நிற்கிற ஓர்ப்பு, ஆராய்ந்து உணர்வது; மலையாளத்து 'ஓர்ம்ம' அந்த 'ஓர்' வழியில் வந்ததுதான், அங்கே அது நினைவு என்று ஆகிவிட்டது.

வள்ளுவரும் இதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி, அதுவும் மிதப்பில் வருகிற மறதி. "அரியஎன்று ஆகாத இல்லைபொச் சாவாக் கருவியால் போற்றிச் செயின்" என்பது 537-ஆம் குறள். மறவாமை என்கிற கருவியைக் கொண்டு பேணிச் செய்தால் முடியாத காரியம் எதுவும் இல்லை. பயிற்சி நடத்துகிறவர்கள் ஒரு முழுநாள் எடுத்துச் சொல்வது இதைத்தான், ஆனால் வகுப்பில் ஒருவரும் பொச்சாவாமை என்று வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை, நானும் சொல்ல மாட்டேன். கேட்டால் ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைப்பார்கள். பழைய சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக அதைப் பிடித்துத் தொங்குகிற தனித்தமிழ் நண்பர்களிடம் எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை இது: பொருள் சரியாக இருந்தால் போதாது, வாய்க்குள் நுழைய வேண்டும்.

நான் சொல்வது, 'கருத்து'. கருத்தோடு செய், கருத்தாக இரு, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள் என்று இன்றைக்கும் வீட்டில் புழங்குகிறது. எங்கள் பில்லிங் மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டிச் சீட்டான இ-வே பில்லில் வண்டி எண் அடிக்க வேண்டும். கேஎல் 09-ஆ, டிஎன் 37-ஆ, அதற்குப் பின்னால் நான்கு எண்கள். டிரைவர் ஜன்னலில் நிற்கிறார், போன் அடிக்கிறது, வாட்ஸ்ஆப்பில் ஏதோ வந்து விழுகிறது. ஒன்றிரண்டு எண் பிசகினாலே ஆயிரம் ரூபாய் தண்டம் என்று 2018-இல் சுற்றறிக்கை வந்திருக்கிறது, அதற்கு மேல் பிசகினால் வண்டியே வழியில் நின்றுவிடும். இங்கே தேவைப்படுவது மனநிறைவா, நினைவாற்றலா? போன் பக்கம் கை போகப்போகிறது என்று கை போவதற்கு முன்பே தெரிவது, அந்த நான்கு எண்ணையும் அடித்து முடித்துவிட்டுப் போனை எடுப்பது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். நம் சூப்பர்வைசர் "தம்பி, கருத்தா அடி" என்று இதை இரண்டு சொல்லில் முடிக்கிறார்.

பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும் என்றால் 'கருத்துடைமை' என்று வைத்துக்கொள்ளலாம். குறளில் அறிவுடைமை, ஊக்கமுடைமை, அடக்கமுடைமை என்று அதிகாரப் பெயர்களே அப்படித்தான் இருக்கின்றன. ஆங்கிலக்காரன் 'ஃபுல்னஸ்' என்று இழுப்பதற்கு நம்மிடம் இருக்கிற அச்சு அது. கருத்து என்றால் அபிப்பிராயம் என்றும் பொருள் இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் குழம்பும். ஆனால் 'கருத்தோடு வேலை செய்யுங்கள்' என்று வினையோடு சேர்த்து எழுதினால் ஒருவருக்கும் குழம்பாது, தமிழில் இது எப்போதும் வினையோடு ஒட்டியே வந்திருக்கிறது. மொழிபெயர்க்கிறவர்கள் ஒவ்வோர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கும் பதிலாக ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல்லை நட்டே தீருவேன் என்று நிற்பதால்தான் பாதி வம்பு வருகிறது.

மீதி வம்பு 'உற்பத்தித்திறன்'. விசைத்தறிக்கும் நெல்வயலுக்கும் அது சரி. பில் போடுகிறவர், கணக்கு எழுதுகிறவர் எதை உற்பத்தி செய்கிறார்? வேலை நன்றாக ஓடும், தப்பு குறையும் என்று எழுதினால் புரியாதா? அதோடு இந்தப் பயிற்சி செய்தால் வேலை பெருகும் என்று அடித்துச் சொல்வதும் கொஞ்சம் அதிகம். 2018-இல் ஹாஃபன்பிராக், வோஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், தியானம் செய்துவிட்டு வந்தவர்களுக்குக் கொடுத்த வேலையில் ஆர்வம் குறைந்திருந்தது. செய்த வேலை மோசமாகவும் இல்லை, சிறப்பாகவும் இல்லை. நான்கு பேர் வேலையை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு மூச்சைக் கவனி என்றால் மூச்சு வாங்குவதைத்தான் கவனிக்க முடியும்.

'மைண்ட்ஃபுல் ஈட்டிங்' என்றால் கருத்தோடு சாப்பிடுவது, 'மைண்ட்ஃபுல் லிசனிங்' என்றால் காதுகொடுத்துக் கேட்பது, அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். 'மைண்ட்ஃபுல் லீடர்ஷிப்' என்று ஒன்று அடுத்து வருகிறதாம். அதற்கு மட்டும் என்னிடம் தமிழ் கேட்காதீர்கள், ஆங்கிலத்தில் அதற்கு என்ன பொருள் என்று யாராவது முதலில் சொல்லட்டும்.