எரிகிறது என்று பல் துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள்

"ரசம் சாதம்கூட வாயில வைக்க முடியல டாக்டர்" என்றபடி வந்தார் அந்த அம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவர். வாய்ப்புண்தானே என்று ஆறு மாதமாக பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டிருக்கிறார். கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இழைக்கோலம் போட்டதுபோல் மெல்லிய வெள்ளைக் கோடுகள். ஈறு செக்கச்சிவந்து தோலுரிந்திருந்தது. பல்லும் ஈறும் சேருமிடத்தில் மஞ்சளாக அழுக்கு.

"பல்லு விளக்கி எத்தனை நாளாச்சும்மா?"

"பிரஷ் பட்டாலே உயிர் போகுது டாக்டர். மூணு மாசமா உப்புத்தண்ணி மட்டும்தான்."

சிறு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதித்ததில் லைக்கன் பிளேனஸ் என்று உறுதியானது. நூற்றில் ஒருவர் இருவருக்கு வரும் நோய். நடுவயதைக் கடந்த பெண்களிடம் அதிகம். நம்மைக் காக்க வேண்டிய டி செல்களே (ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை) வாயின் உட்தோலைத் தாக்குகின்றன. ஒட்டுவாரொட்டி அல்ல, வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையில்லை.

இதில் பல் அழுக்கில் இருக்கும் பாக்டீரியாவுக்கு என்ன வேலை? 2016-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயாளிகளின் வாய்த்திசுவுக்கு உள்ளேயே, டி செல்களுக்குள்ளும்கூட, பாக்டீரியா இருந்தது தெரியவந்தது. நோயைத் தொடங்கி வைப்பதே அதுதானா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் தோல் உரிந்த இடம் தாழ்ப்பாள் இல்லாத கதவு. உள்ளே புகும் கிருமி வீக்கத்தைக் கூட்டும், வீக்கம் தோலை மேலும் உரிக்கும். எரிச்சலுக்குப் பயந்து துலக்காமல் விட்டால் அழுக்கு சேர்ந்து ஈறு இன்னும் புண்ணாகும். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். இதற்காக நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். வாயில் பூஞ்சை கிளம்பிவிடும்.

மரத்துப்போகும் ஜெல் தடவி, பல்லில் இறுகிப் படிந்திருந்த காரையை இரண்டு மூன்று தடவையாக எடுத்தேன். குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ், நுரை தராத, புதினாக் காரம் இல்லாத பேஸ்ட். புண்ணில் தடவ ஸ்டீராய்டு களிம்பு. ஐந்தாவது வாரம் வந்தவர், "நேத்து புளிக்குழம்பு சாப்பிட்டேன் டாக்டர்" என்றார். வெள்ளைக் கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன. அவை இருந்துவிட்டுப் போகட்டும்; ஈறு சிவப்பு தணிந்துவிட்டது.

சிலருக்கு, நூற்றில் ஒருவர் அளவுக்கு, இது புற்றுநோயாக மாறக்கூடும். வெற்றிலை பாக்கு, புகையிலை இருந்தால் இன்றே விடுங்கள். எரிச்சல் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டுங்கள். இடையில் ஏதாவது தடித்தாலோ, ஆறாமல் நின்றாலோ, அந்த ஆறு மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள்.