சொல் விளக்கம்: நிச்சயமின்மைக் கூம்பு

அட்லாண்டிக் கடலில் புயல் உருவானால் மயாமியில் உள்ள அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் ஒரு வரைபடம் வெளியிடும். கடல் மேல் ஒரு புள்ளி, அதிலிருந்து கிளம்பிப் போகப் போக அகலமாகும் வெள்ளைப் பட்டை. பல ஆண்டுகள் முதல் மூன்று நாளுக்கு முழு வெள்ளையும், நான்காம் ஐந்தாம் நாளுக்குப் புள்ளியிட்ட வெள்ளையும் போட்டார்கள். நடுவில், புயலின் வலிமையைக் குறிக்கும் எஸ், எச், எம் என்ற எழுத்துகள் தாங்கிய கறுப்பு வட்டங்கள். 2002 முதல் வழக்கில் இருக்கும் இந்தப் படத்தை ஆங்கிலத்தில் ‘கோன் ஆஃப் அன்செர்டன்டி’ என்பார்கள்.

இதை அவசரத்தில் ‘நிச்சயமற்ற கூம்பு’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். அது பிழை. கூம்பில் நிச்சயமின்மை ஏதும் இல்லை. அது கணக்குப் போட்டு வரையப்படுவது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் கணிப்புகள் எத்தனை மைல் தவறின என்று பார்த்து, அந்தத் தவறுகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வட்டம் போடுகிறார்கள். ஐந்தாம் நாள் வட்டத்தின் ஆரம் சுமார் 200 கடல் மைல். இந்த வட்டங்களைத் தொட்டு இழுத்த உறைதான் கூம்பு. அந்தப் பருவம் முழுவதும் எல்லாப் புயலுக்கும் வட்டங்களின் அளவு ஒன்றே.

ஆகவே இந்தப் படம் சொல்வது ஒரே ஒரு செய்தி: புயலின் மையம் எந்த வழியாகப் போகக்கூடும் என்பது. காற்று எவ்வளவு தூரம் வீசும், மழை எங்கே கொட்டும், கடல் நீர் எந்தத் தெருவரை ஏறும் என்பவை இதில் இல்லை. பட்டை அகலமாவதால் புயல் பெருக்கிறது என்றும் பொருள் இல்லை. மூன்றில் ஒரு முறை மையமே இந்த உறைக்கு வெளியே போய்விடலாம்.

மக்கள் இதை எப்படிப் படித்தார்கள் என்பதில்தான் வேதனை இருக்கிறது. 2004 ஆகஸ்ட் 13 அன்று ஃபுளோரிடாவை நோக்கிச் சார்லி புயல் வந்தபோது படத்தின் நடுக்கோடு டாம்பா நகரைக் காட்டியது. பலரும் அந்த மெல்லிய கோட்டையே புயலாகக் கண்டார்கள். புயல் வலப்புறம் திரும்பி, தெற்கே கேயோ கோஸ்டா தீவில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறி, புன்டா கோர்டா ஊரைச் சிதைத்தது. அந்தப் பகுதி கூம்புக்குள்தான் இருந்தது. சூறாவளி எச்சரிக்கையும் அங்கே அமலில் இருந்தது. கோடு தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

பதினெட்டு ஆண்டு கழித்து அதே தீவில், அதே வேகத்தில் இயன் புயல் கரையேறியது. 2022 செப்டம்பர் 28. அதற்கு முந்தைய நாள்களில் பேச்செல்லாம் டாம்பாவைப் பற்றியே இருந்தது. அந்தத் தீவு அடங்கிய லீ கவுண்டி என்ற மாவட்டம் கூம்பின் தெற்கு ஓரத்தில் கிடந்தது. அங்கே வெளியேற்ற உத்தரவு வந்தது 27-ஆம் தேதி காலையில்தான். மறுநாள் ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி வரை கடல் நீர் ஏறியது. ஓரத்தில் இருப்பவனும் உள்ளே இருப்பவன்தான் என்பதை ‘கோன் ஆஃப் அன்செர்டன்டி’ என்ற பெயர் ஒருவருக்கும் உணர்த்தவில்லை. எனக்குப் பெயர் மீது வருத்தம் வருவது இதனால்தான்.

கூம்பை வேலியாகப் படிக்கும் பழக்கம் ஆட்சியின் உச்சிவரை உண்டு. 2019-இல் டோரியன் புயல் அலபாமாவையும் தாக்கும் என்று அதிபர் டிரம்ப் சொல்ல, அலபாமாவுக்குப் பாதிப்பே இல்லை என்று அந்த மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகர வானிலை அலுவலகம் செப்டம்பர் 1 அன்றே அறிவித்தது. 4-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் காட்டப்பட்ட படத்தில் கூம்பின் விளிம்பு கறுப்புப் பேனாவால் அலபாமாவுக்குள் நீட்டப்பட்டிருந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘கோன்’ என்பதன் மூலம் கிரேக்க ‘கோனோஸ்’; பைன் மரக் காய். நம் ‘கூம்பு’ அதைவிட வளமான சொல். கூம்புதல் என்றால் குவிதல், ஒடுங்குதல். மாலையில் தாமரை கூம்பும். ‘மலர்தலும் கூம்பலும் இல்லது அறிவு’ என்கிறது குறள் (425). பாய்மரத்துக்கும் இதே பெயர். புகாருக்குள் நுழையும் பெருங்கலத்தைப் பற்றிப் புறநானூறு ‘கூம்பொடு மீப்பாய் களையாது’ என்று பாடுகிறது (30). இந்த வரைபடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது: இன்று கூம்பியிருப்பது ஐந்தாம் நாளில் மலர்கிறது. (ஹரிக்கேன் என்ற சொல்லோ, கரீபியத் தீவுகளின் டைனோ மக்களிடமிருந்து ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. காற்றுக்கு அணையாத அரிக்கேன் விளக்கின் பெயரில் நம் வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது.)

சிக்கல் மறுபாதியில் இருக்கிறது. ‘நிச்சயமின்மைக் கூம்பு’, ‘ஐயக் கூம்பு’ என்பவை இலக்கணப்படி சரி. ஆனால் எதைப் பற்றிய ஐயம் என்று அவை சொல்வதில்லை. ஆங்கிலப் பெயரின் ஊனத்தை அப்படியே சுமக்கின்றன. மயாமி அலுவலகமே தன் விளக்கக் குறிப்புகளில் ‘தடக் கணிப்புக் கூம்பு’ என்ற பொருளில்தான் எழுதுகிறது. அந்த வழியில் ஓரடி முன்னே போய் ‘மையத்தடக் கூம்பு’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. மையம் என்ற சொல் பெயருக்குள்ளேயே இருந்தால், மற்றவை இதில் இல்லை என்பது படிக்கும்போதே தெரியும்.

இது அமெரிக்கச் செய்திக்கு மட்டும் வேண்டிய சொல் அல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் 2009 டிசம்பரில் வங்கக் கடலில் உருவான வார்ட் புயல் முதல் இதே வகைக் கூம்பைத் தன் படங்களில் வரைந்துவருகிறது. செய்தி எழுதுவோர் இப்படிக் கையாளலாம்: ‘மையத்தடக் கூம்புக்கு வெளியே உள்ள கடலோர ஊர்களிலும் பலத்த காற்று வீசும், கடல் நீர் உட்புகும், மக்கள் வெளியேற்ற உத்தரவைக் கவனிக்க வேண்டும்.’