‘நினைவிழப்பு’ என்று எழுதுவதை நிறுத்துங்கள்

“அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்கு நினைவிழப்பு ஏற்படலாம்.” ஒப்புதல் படிவங்களின் தமிழாக்கத்தில் அலுக்க அலுக்க வரும் வரி இது. தமிழில் ‘நினைவு தப்பியது’ என்றால் ஆள் மயங்கிவிட்டார். ‘நினைவு திரும்பியது’ என்றால் கண் விழித்துவிட்டார். ‘நினைவில்லை’ என்றால் மறந்துபோச்சு. படிவத்தை வாசிக்கிற மகன், அப்பா கண் விழிக்கவே மாட்டாரோ என்று பயப்படுவான். மகளோ, இனி நம்மை அடையாளம் தெரியாதோ என்று அழுவாள். படிவம் எச்சரிக்க வந்தது டெலிரியம், அதாவது அறுவைக்குப் பின் கவனமும் தெளிவும் திடீரெனக் குழம்பிப்போவது; அது இந்த இரண்டிலும் சேராது.

மூலச்சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். அனஸ்தீசியா கிரேக்கச் சொல், பொருள் உணர்வின்மை. 1846 அக்டோபரில் பாஸ்டனில் பல் மருத்துவர் மார்ட்டன் ஈதர் ஆவியால் மயக்கம் கொடுத்துக் காட்டிய பிறகு, மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இந்தப் பெயரைப் பரிந்துரைத்தார். டெலிரியம் லத்தீன்; ஏர் உழுத சால் தடத்தை விட்டு விலகுவது. உழுகிறவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

‘ஜெனரல் அனஸ்தீசியா’வைப் ‘பொது மயக்கம்’ என்கிறார்கள். பொதுக்கிணறு மாதிரி ஊருக்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கிற மயக்கமா? ‘முழு மயக்கம்’ என்று ஜனங்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். முதுகில் போடுவது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிற ஊசி. இதற்குமேல் என்ன ஆராய்ச்சி?

டெலிரியத்துக்கு வருவோம். குமரி மாவட்டத்தின் மேற்கே, கல்குளம், விளவங்கோடு பக்கம், ‘போதம்’ (சுயவுணர்வு) வேறு, ‘ஓர்மை’ (ஞாபகம்) வேறு. போதம் கெட்டுக் கிடக்கிறவரையும் ஓர்மை இல்லாதவரையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. படிவம் எழுதுகிறவர்கள் இரண்டையும் ‘நினைவு’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். டெலிரியத்தில் முதலில் கெடுவது கவனமும் போதமும்தான். ஆள் விழித்திருப்பார், பேச்சு தொடர்பறுந்து போகும், காலையில் சரியாக இருந்தவர் இரவில் ஊசிக்குழாயைப் பிடுங்குவார். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் பாதியில் தொலைந்துபோவார். பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் தலைகாட்டி, ஏறி இறங்கும். ஆகவே ‘போதத் தடுமாற்றம்’ என்பதே பொருத்தம். போதம் வடமொழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பாட்டிக்குப் புரியாத தூய சொல்லை நோயாளியின் படுக்கையருகே வைத்து என்ன செய்வது?

போட்டிச் சொற்களில் ‘ஜன்னி’ காய்ச்சலோடும் வலிப்போடும் ஒட்டிக்கொண்டது. ‘சித்தப்பிரமை’ பைத்தியம் என்று காதில் விழும், குடும்பமே மறைத்துவிடும். இரண்டுக்கும் இன்னொரு கோளாறு: ஆர்ப்பாட்டம் செய்கிறவரை மட்டுமே குறிக்கும். பேசாமல் சுருண்டு கிடக்கிற நோயாளிக்கும் போதத் தடுமாற்றம் இருக்கலாம். முதியவர்களிடம் அந்த வகைதான் அதிகம் தப்பிவிடுகிறது. ‘அசதியா தூங்குறார்’ என்று விட்டுவிடுவார்கள்.

அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் நீடிக்கும் மந்தம் வேறு. படித்தது பிடிபடாது, கணக்கு தாமதமாகும். 1998-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு வாரத்தில் 25.8 சதவீதத்தினருக்கும், மூன்று மாதத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் இது இருந்தது. இதை ‘அறிவாற்றல் குறைபாடு’ என்று எழுதினால் ‘எங்கப்பாவுக்கு அறிவு குறைவா’ என்று சண்டைக்கு வருவார்கள். ‘அறிதிறன் குறைவு’ போதும். அடைப்புக்குறியில் ‘கவனம், நினைவு, வேகம்’ என்று சேர்த்தால் இன்னும் நல்லது.

‘மயக்க மருந்தால் வரும் மறதி’ என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்; பழியை மருந்தின் மேலேயே போட்டுவிடுகிறது. இடுப்பு எலும்பு முறிந்தவர்களை வைத்து அமெரிக்கா, கனடாவில் 1,600 பேரிடம் நடந்து 2021-ல் வெளிவந்த ஆய்வில், முழு மயக்கம் பெற்றவர்களிலும் முதுகு ஊசி பெற்றவர்களிலும் ஏறக்குறைய சமமாக, சுமார் 20 சதவீதத்தினருக்குத் தடுமாற்றம் வந்தது. சீனாவில் 65 தாண்டிய 950 பேரிடம் செய்த இன்னொரு ஆய்விலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வயது, ஏற்கெனவே உள்ள மறதிநோய், தொற்று, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, அடங்காத வலி, மூத்திரம் அடைப்பது, தூக்கமின்மை, குடியைத் திடீரென நிறுத்துவது, மிடாசோலம் போன்ற தூக்க மருந்துகள் என்று காரணப் பட்டியல் நீளும். “முழு மயக்கம் வேண்டாம், முதுகு ஊசிதான்” என்று குடும்பம் அடம்பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இந்த மொழிபெயர்ப்புதான்.

சிகிச்சைக்காக எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மலையாளத்தில் ‘மயக்குமருந்து’ என்றால் கஞ்சா, ஹெராயின் வகை. “போன தடவை மயக்குமருந்து ஒத்துக்கலை” என்று அங்கே சொல்லாதீர்கள். ‘அனஸ்தீசியா’ என்றே சொல்லுங்கள். இன்னொன்று, அறுவைக்குப் பின் தாத்தாவின் போதத்தைச் சோதிக்கும் கேள்விகளை மலையாளத்தில் கேட்டால் திகைப்பதும் தடுமாற்றமாகக் கணக்கில் ஏறும். வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, கண்ணாடியும் காது மிஷினும் மாட்டிவிட்டு, தமிழில் கேட்கச் சொல்லுங்கள்.